பண்றதுதான்

"இதெல்லாம் நாங்க பண்றதுதான்."

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஹாரனின் அண்ணன் ஆபரேஷன் மேசையில் போய்ப் படுத்தான்.

ஹாரன் என்பது பட்டப்பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு சைரன் என்று ஒன்று இருக்கிறது. இவனுக்கு அது பத்தாது. சைரனோடு சேர்த்து ஹாரனையும் அழுத்துவான், போதாக்குறைக்கு ஜன்னலில் தலையை நீட்டி வாயையும் திறப்பான். அவன் வாய்க்குப் பயந்தே பஸ்காரன் ஒதுங்குவான் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அவன் தெருக்காரர்களுக்கே தெரியாது.

அண்ணன் அப்படி இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வைரமுனை வைத்த கட்டரால் ஒரு கோடு போட்டு, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி சொன்னபடி கேட்கும். அவன் வீட்டில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அந்த மனிதனுக்குத்தான் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, கடைசியில் ஸ்கேனில் கணையத்தின் தலையில் ஒரு கட்டி என்று வந்தது. 

ஊரில் இருந்தது ஒரே ஆஸ்பத்திரி. வாசலில் பச்சை கேட் இருந்ததால் அதற்குப் பச்சை கேட் என்றே பெயர். ஆற்றைத் தாண்டிப் போனால் பெரிய ஆஸ்பத்திரி, அதை அக்கரை என்பார்கள். "இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க, எங்க ஊர்ல மட்டும் பச்சை இக்கரையிலதான்" என்பது அங்கே பிறந்த எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லிச் சிரித்திருக்கும் நகைச்சுவை.

"அக்கரைக்குப் போயிடலாம்ணா, வண்டி என்னோடது, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஹாரன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"எதுக்குடா? அண்ணியும் பிள்ளையும் பாலத்துக்கும் வீட்டுக்கும் அலையணுமா? அதான் இங்கயே பண்றாங்களாமே, டாக்டரே சொல்றாரு" என்றான் அண்ணன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். அண்ணன் கண் விழித்தான், பேசினான், கடைச் சாவி எங்கே என்று கேட்டான். பிறகு அவன் வயிற்றிலிருந்து வெளியே வந்த குழாயில் தண்ணீரின் நிறம் மாறியது. வெளிர் மஞ்சளாக இருந்தது, கலங்கலாகி, அழுக்குப் பழுப்பானது. ஹாரன் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "அப்படித்தாங்க இருக்கும்" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? எப்படி இருக்க வேண்டும் என்று அவள் பார்த்திருந்தால் அல்லவா எப்படி இருக்கக் கூடாது என்று தெரியும்? டாக்டருக்கே அது என்னவென்று புரிவதற்குள் அண்ணனுக்கு உடம்பெல்லாம் விஷம் ஏறிவிட்டது. கண்ணாடிக் கடையை அண்ணி மறுபடி திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேறொரு நோயாளியை அக்கரையில் இறக்கப் போனபோது, வார்டு நர்ஸிடம் பேச்சோடு பேச்சாக ஹாரன் இதைச் சொன்னான். அவள் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குழாய்த் தண்ணி கலர் மாறிச்சா? மாறியும் சும்மா விட்டாங்களா?"

"ஏன் சிஸ்டர், இங்க அப்படி ஆகாதா?"

"ஆகாம என்ன? கணையத்துல போட்ட தையல் லேசுல ஒட்டாது. இங்கயும் கசியும். ஆனா வாரா வாரம் இதைத்தானே பாக்கிறோம். கலர் மாறினா அடுத்த நிமிஷம் டாக்டர் வந்து நிப்பாரு. கசியறது தப்பில்லண்ணே. கசியறது தெரியாம இருக்கிறதுதான் தப்பு."

ஹாரன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே வண்டியைத் திருப்பிக்கொண்டு பச்சை கேட்டுக்கு வந்தான். டாக்டர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், எங்கண்ணனுக்குப் பண்ணீங்களே, அந்த ஆபரேஷன். இதுக்கு முன்னாடி எத்தனை பண்ணியிருக்கீங்க?"

"பண்ணியிருக்கேன்பா."

"அதான் எத்தனை?"

டாக்டர் துண்டை மடித்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "படிக்கும்போது என் புரொஃபசர் கூட நின்னு ஒண்ணு. இங்க வந்து ஒண்ணு."

"அந்த இங்க வந்து ஒண்ணு, பொழச்சாரா?"

டாக்டர் துண்டை இன்னும் ஒரு தடவை மடிக்கப் பார்த்தார். துண்டு அதற்கு மேல் மடியவில்லை.

தமிழ் பேசத் தெரிந்த எந்தப் பயலுக்கும் தெரியும், 'பண்ணியிருக்கேன்' வேறு, 'பண்றதுதான்' வேறு. ஒரு தடவை சைக்கிளில் ஏறி விழுந்தவனும் 'ஓட்டியிருக்கேன்' என்று சொல்லலாம். 'ஓட்டுறதுதான்' என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? ஒரு சொல்லின் வால் மாறியதில் என் அண்ணன் உயிர் போயிற்று என்று ஹாரன் நினைத்தான். அந்த நினைப்பு அவனைத் தூங்கவிடவில்லை, தின்னவிடவில்லை. இவன் கேட்டை நான் பூட்ட வைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டான்.

அடிதடி வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனிடம் இருக்கும் ஆயுதம் வேறு எவனிடமும் இல்லை. உயிர் ஊசலாடும்போது மனிதர்கள் முதலில் பார்ப்பது டிரைவர் முகத்தைத்தான். "எங்க போலாங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே ஹாரன் காத்திருப்பான்.

"பச்சை கேட்டா? தாராளமா போலாம். எங்கண்ணனும் அங்கதான் போனான்" என்பான். அவ்வளவுதான். யாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்கள், வண்டி பாலத்தின்மேல் பறக்கும்.

பித்தப்பைக் கல் வந்தவர், குடலிறக்கம் வந்தவர், குடல்வால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்கு வந்த பெண்கள், ஒருவர் பாக்கியில்லாமல் அக்கரைக்குக் கொண்டுபோய் இறக்கினான். வண்டியில் ஏறாதவர்களையும் விடவில்லை. முடிவெட்டும் கடை, மார்க்கெட், பஸ் நிறுத்தம் என்று இவன் வாய் நுழையாத இடமில்லை. ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய்க்கு அவல் போடுகிற வேலையை இவன் முழுநேரமாக எடுத்துக்கொண்டான்.

டீக்கடைக்காரர் ஒருவர்தான் எதிர்த்துப் பேசினார். பச்சை கேட்டுக்கு நேரெதிரே அவர் கடை.

"என் குடலிறக்கத்த அந்த ஆளுதான்யா தச்சாரு. தழும்ப நானே கண்ணாடி வெச்சுத் தேடணும். என் பொண்ணுக்குக் குடல்வால், காலையில அறுத்தாரு, சாயங்காலம் எழுந்து நடந்துச்சு. தினம் தினம் செய்யற வேலை, தூக்கத்துல எழுப்பிக் கத்தியக் குடுத்தாலும் பண்ணுவாரு. பண்ணக் கூடாத ஒண்ணைப் பண்ணிட்டாரு, தப்புதான், நான் இல்லேங்கல. அதுக்காகப் பண்றதையும் ஏன்யா கெடுக்கறே?"

"கூடாததைப் பண்ணினவனுக்கு, கூடுறதும் கிடையாது. அவ்வளவுதான். டீயப் போடுங்க."

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் டீயைப் போட்டார். ஹாரன் சிரித்தான். தவளை யாரென்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. எதிரே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு வருஷத்தில் பச்சை கேட்டின் வாசல் பெஞ்சில் நாய் படுத்தது. கேட்டின் பெயிண்ட் உரிந்து உள்ளிருந்த துரு தெரிந்தது. மயக்க மருந்து டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர் ஒருத்தி இருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கத்தி எந்தத் தட்டில் என்று எடுத்துக் கொடுப்பவள். அவளுக்கு அக்கரையில் வேலை வாங்கிக் கொடுத்ததே ஹாரன்தான். யார் யாரையோ பிடித்து, கெஞ்சி, அவள் வீட்டுச் சாமானைத் தானே வண்டி பிடித்து ஏற்றி அனுப்பினான். "ரொம்ப நல்ல மனசுண்ணே உங்களுக்கு" என்று அவள் கண் கலங்கினாள். பழி வாங்குவதிலேயே புண்ணியமும் சேருகிறதே என்று அன்றைக்கு அவனுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. 

டாக்டர் சில நாட்களில் கேட்டோரம் வந்து நிற்பார். ஹாரன் வேண்டுமென்றே அந்தப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுவான். ஒரு தடவை ஹாரனை நீளமாக அழுத்தினான். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அன்று அவன் இரண்டு டீ குடித்தான்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை.

"போதும் தம்பி, விடு. அவரு திரும்பியா வரப் போறாரு? உனக்குத்தான் உடம்பு கெடுது."

"நீங்க சும்மா இருங்கண்ணி. உங்களுக்காகத்தான் இதெல்லாம்."

"எனக்காகன்னு நான் கேட்டேனா?" என்றாள் அண்ணி. அவன் காதில் அது விழவில்லை.

அண்ணனுக்கு ஒரே மகள். கல்லூரியில் முதல் வருஷம். ஹாரனுக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை, அந்தப் பெண்தான் அவனுக்கு எல்லாம். சித்தப்பா ஆம்புலன்ஸில் வந்து இறக்கிவிடக் கூடாது, மானம் போகிறது என்று சண்டை போடுவாள். தெருமுனையில் இறங்கிக்கொண்டு நடந்து போவாள்.

அவளுக்கு ஒருநாள் வயிற்றுவலி வந்தது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் வலி வலது பக்கம் இறங்கி, காய்ச்சல் வந்து, நிமிர்ந்து நிற்க முடியாமல் மடங்கிப்போனாள். அண்ணி போன் செய்ததும் ஹாரன் பறந்து வந்தான். எத்தனை குடல்வாலை வண்டியில் ஏற்றியிருக்கிறான்! பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. "ஒண்ணுமில்லடா தங்கம், அக்கரைக்குப் போய் ஒரு சின்ன வெட்டு, முடிஞ்சுது" என்று தூக்கிக் கிடத்தினான். அண்ணி உள்ளே ஏறிக்கொண்டாள்.

பாலத்துக்கு முன்னாலேயே வண்டிகள் தேங்கி நின்றன. ஹாரன் சைரனைப் போட்டான், ஹாரனை அழுத்தினான், வாயையும் திறந்தான். யாரும் நகரவில்லை. போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"கத்தாதேப்பா, கத்தி என்ன பிரயோஜனம்? நடுப் பாலத்துல கேஸ் டேங்கர் கவுந்து கிடக்கு. லீக் ஆகுது. ஒரு பொறி பட்டா எல்லாரும் காலி. ஆள்கூட நடந்து போக முடியாது."

"எப்ப சார் திறப்பீங்க?"

"எனக்கென்ன தெரியும்? பொழுது சாயலாம், நாளைக்கும் ஆகலாம்."

ஆற்றின் மேல்புறம் தள்ளி இருக்கும் இன்னொரு பாலம் வழியாகச் சுற்றிப் போனால் அரை நாள். ஹாரன் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"சித்தப்பா, வலி விட்டுடுச்சு. இப்பப் பரவாயில்ல."

அண்ணி "அப்பாடா" என்றாள். ஹாரன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அப்படி வலி திடீரென்று விட்ட இரண்டு பேரை அவன் ஏற்றியிருக்கிறான். உள்ளே வெடித்துவிட்டது என்று அர்த்தம். வண்டியை ரிவர்ஸ் எடுத்தான். பின்னாலிருந்த கார்க்காரனைத் திட்டி ஒதுக்கித் திருப்பினான்.

"எங்க போறே தம்பி?"

"பச்சை கேட்" என்றான்.

பெஞ்சில் படுத்திருந்த நாய் ஆம்புலன்ஸைப் பார்த்து மிரண்டு எழுந்தது. டாக்டர் வெளியே வந்தார். ஹாரனைப் பார்த்தார். பெண்ணின் வயிற்றில் கை வைத்தார். அது பலகையாக இருந்தது. அவள் மறுபடி முனகத் தொடங்கியிருந்தாள்.

"வெடிச்சிருக்கு. உடனே திறந்து கழுவணும்."

"பண்ணுங்க டாக்டர்" என்றான் ஹாரன். "குடல்வால்தானே. இதெல்லாம் நீங்க பண்றதுதானே?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் எது என்று அவனுக்கு உறைத்தது. டாக்டருக்கும் உறைத்தது. அவர் தன் கைகள் இரண்டையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பண்ணிட்டிருந்தேன்" என்றார்.

அந்தச் சொல்லின் வால் ஹாரனின் கன்னத்தில் அறைந்தது.

"ஒரு காலத்துல தினமும் ரெண்டு மூணு பண்ணுவேன். இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு, அதுவும் வெடிக்காதது. மயக்க டாக்டர் கிடையாது, ரிட்டயர் ஆனவர் ஒருத்தர் இருக்கார், கூப்பிட்டா வருவார். உள்ள நிக்கப்போற நர்ஸுக்கு இது முதல் கேஸ். உங்க அண்ணன்கிட்ட இதை நான் சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னைக்குச் சொல்லிட்டேன். இந்தக் கைய நம்பாதீங்கன்னு ஊர் பூராச் சொன்னது நீதானப்பா? இப்ப நீயே முடிவு பண்ணு, நம்பலாமா வேணாமான்னு."

அதில் நேர்மை இருந்தது. ஒரு வருஷமாக ஊறப்போட்ட விஷமும் இருந்தது. இரண்டையும் டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார். 

அண்ணி அவனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நீங்க பண்ணுங்க டாக்டர்" என்றாள்.

ரிட்டயர் ஆன மயக்க டாக்டர் வந்து சேர்ந்ததும் தியேட்டர் கதவு மூடியது. மூடிய கொஞ்ச நேரத்தில் திறந்தது. புது நர்ஸ் வெளியே ஓடி வந்தாள், முகம் வெளுத்திருந்தது. "ஆபரேஷன் சாமான் பெரிய செட் எங்க இருக்குன்னு தெரியல. டாக்டர் கேக்கறாரு. பழைய சிஸ்டர் நம்பர் யாருகிட்டயாவது இருக்கா?"

யாரிடம் இருக்கும்? ஹாரனிடம்தான் இருந்தது. உடனே போட்டான்.

"அண்ணே! நல்லா இருக்கீங்களா?" என்றாள் பெரிய சிஸ்டர், ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து.

"சிஸ்டர், பச்சை கேட்டுல வயித்த திறக்கிற பெரிய செட்ட எங்க வெச்சீங்க?"

"அங்கயா? இப்பவா? யாருக்கண்ணே?"

அவன் சொன்னான். பிறகு அவள் ஒவ்வொரு அலமாரியாக, ஒவ்வொரு தட்டாகச் சொல்லச் சொல்ல, இவன் அதைக் கத்திச் சொன்னான், நர்ஸ் உள்ளே தேடினாள். இரண்டு அலமாரி இடம் மாறியிருந்தது. "நான் மட்டும் அங்க இருந்திருந்தா" என்று ஆரம்பித்த சிஸ்டர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

அதன்பின் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சுவரோரம் நின்றான். எந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று ஒரு வருஷம் சாபம் கொடுத்தானோ, அந்தக் கை விளங்க வேண்டும், நடுங்காமல் இருக்க வேண்டும், பழசெல்லாம் அதற்கு ஞாபகம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றான். வேண்டிக்கொள்ளும்போதே அந்த ஆளை அடித்து நொறுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

டீக்கடைக்காரரின் மகளுக்குக் காலையில் அறுத்துச் சாயங்காலம் நடக்கவிட்ட கை, இந்தப் பெண்ணின் வயிற்றை விட்டு வெளியே வரப் பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "உயிருக்கு இப்ப ஒண்ணுமில்ல" என்றார். "குடல்ல தச்ச இடம் எனக்குத் திருப்தியா இல்ல. பாலம் திறந்ததும் கூட்டிட்டுப் போயிடுங்க. காய்ச்சல் வருதான்னு இங்க வெச்சுப் பாத்துட்டிருக்கமாட்டேன்." அண்ணனிடம் கற்ற பாடத்தை அண்ணன் மகளிடம் ஒப்பித்தார். 

விடிந்ததும் பாலம் திறந்தது. அக்கரையில் வயிற்றை மறுபடி திறந்தார்கள். குடலில் போட்ட தையல் பிரிந்திருந்தது. குடலின் ஒரு நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து, அதில் ஒரு பையை ஒட்டினார்கள். சில மாசம் அப்படித்தான் இருக்கும், பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கலாம் என்றார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள். மார்புக்குக் கீழிருந்து அடிவயிறுவரை ஒரு நீளத் தையல். கண் விழித்ததும் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், சித்தப்பா கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஹாரன் கட்டிலடியில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய நெருப்பு மறுபடி பற்றிக்கொண்டது. பற்றிக்கொண்டதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அது அவனுக்குப் பழகிய நெருப்பு.

"அந்த ஆள விடமாட்டேன் அண்ணி. மொதல்ல அண்ணன், இப்ப இவ. முடிவு பண்ணிட்டேன். ஒரேயடியா கேட்டைப் பூட்டி சீல் வைக்க வெக்கிறேனா இல்லையா பாருங்க."

அண்ணி பையில் நிறைந்திருந்ததை ஒரு கிண்ணத்தில் இறக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி பையின் வாயைத் துடைத்து, மடித்து, கிளிப்பைப் போட்டாள். மகளுக்குப் போர்த்திவிட்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் அவனைத் தம்பி என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"உங்க அண்ணன் போனதுக்கு டாக்டர்கிட்ட கேட்டீங்க" என்றாள். "கேட்டது நியாயம்தான். டீக்கடைக்காரர் பொண்ணு வயித்துல இருக்கிற தழும்பு இத்துனூண்டு. அதே டாக்டர், அதே குடல்வால். என் பொண்ணு வயித்துல இருக்கிறதுக்கு நான் யாருகிட்டங்க கேக்கறது?"

ஹாரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க. ஊருக்கெல்லாம் சொன்னீங்கல்ல, எனக்கும் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அண்ணி கிண்ணத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"இந்தாங்க, கொட்டிக் கழுவிட்டு வாங்க" என்றாள். "சாயங்காலம் மறுபடி ரொம்பிடும்."